வயலைப் பிரித்தால்தான் சந்தை கை கொடுக்கும்

ஒரு ஏக்கர் முழுவதும் ஒரே வாரத்தில் தக்காளி நட்டால், பழமும் மொத்தமாகத்தான் வரும். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் அதே பட்டத்தில் நட்டிருப்பார்கள். மார்க்கெட்டில் விலை விழும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விடவேண்டிய நிலை வரும். ‘உழவர் சந்தைக்குக் கொண்டுபோங்கள்’ என்று சொல்வது எளிது. ஆனால், கையில் இருப்பது தக்காளி மட்டும்தான் என்றால் அந்தச் சந்தையும் உங்களைக் காப்பாற்றாது.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் இலவசம். மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் வெளிக்கடைச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்றைய விலை நிர்ணயிக்கப்படுகிறது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் இதில் ஆதாயம்.

அங்கே வருகிறவர்கள் வீட்டுக்கு வாங்குகிறவர்கள். அரைக் கிலோ, ஒரு கிலோதான் கேட்பார்கள். ஒரே காயை முந்நூறு கிலோ இறக்கினால், சந்தை கலையும்போது பெரும்பகுதி மிஞ்சும். ஐந்தாறு வகை வைத்திருப்பவரிடம் ஒருவரே மூன்று நான்கு பொருள் வாங்குவார். தினமும் கடை போட்டால் மறுபடியும் தேடி வருவார். எனவே சந்தைக்கான திட்டம் வயலிலேயே தொடங்க வேண்டும்.

முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். தண்ணீர் வசதியுள்ள இருபது சென்ட் போதும். சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் பறிப்புக்கு வரும். நான்கு பாத்தி பிரித்து, வாரம் ஒரு பாத்தி விதைத்தால் கீரை ஓயாது. வெண்டை சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம். கத்தரி தாமதமாக வந்தாலும் மாதக்கணக்கில் காய்க்கும். சிறு பந்தலில் புடலை, பீர்க்கு ஏற்றலாம். வரப்போரம் முருங்கையும் கறிவேப்பிலையும் இருக்கட்டும். ஒன்றின் விலை சரிந்தாலும் மற்றொன்று அன்றைய செலவைத் தாங்கும்.

இதில் சிரமமும் உண்டு. விடியும் முன்பே சந்தையில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவருடைய காலைப்பொழுது முழுவதும் அதற்கே போய்விடும். அந்த உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்குப் பாருங்கள். பக்கத்து விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டி பிடித்தால் வாடகை குறையும்.

நிலத்தையும் பயிரையும் சரிபார்த்துத்தான் உழவர் அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அந்த அட்டையை வியாபாரிக்கு இரவல் கொடுக்காதீர்கள். அவர் உட்காரும் ஒவ்வொரு இடமும் இன்னொரு விவசாயி இழக்கும் இடம்.

தோட்டக்கலை அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் காய் எந்த மாதத்தில் உங்கள் சந்தையில் தட்டுப்படுகிறது, எது தேங்குகிறது என்பது உங்கள் வரத்துப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதை விதைப்புக்கு முன்பே கிராமத்தில் சொல்லுங்கள். அறுவடைக்குப் பிறகு சொல்லும் விலையைவிட விவசாயிக்கு அதுதான் பயன்படும்.