61% குறையும் என்றால் என்ன அர்த்தம்? காசநோயும் குற்றாலத்து அருவியும்



"காசநோயாளிக்கு சத்தான சாப்பாடு கொடுத்தா மரண ஆபத்து 61% குறையும்." இந்த மாதிரி ஒரு வரியை நீங்களும் படிச்சிருக்கலாம். சாப்பாடு முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அந்த ஆய்வு சொன்னது இது இல்லை. அது சொன்னது நோயாளிக்கு இதைவிடப் பயன்படும். கொஞ்சம் பொறுமையா படிங்க.

1) முதலில் ஆய்வு. பெயர் 'ரேஷன்ஸ்'. ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் நடந்தது. சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2023 ஆகஸ்டில் முடிவுகள் வந்தன. 2,800 நுரையீரல் காசநோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு தினம் 1,200 கலோரி, 52 கிராம் புரதம் கிடைக்கிற மாதிரி உணவுப் பொருட்கள் கொடுத்தாங்க.

'எல்லாருக்கும்' என்பதைக் கவனிங்க. சாப்பாடு கிடைக்காத நோயாளிகள் என்று ஒரு குழுவே அதில் இல்லை. அப்போ 61% யாரோடு ஒப்பிட்டு வந்தது? முதல் 2 மாசத்தில் 5% எடை கூடியவர்களை, அப்படிக் கூடாதவர்களோடு ஒப்பிட்டு வந்தது. அதுவும் 'ஹசார்ட்' என்கிற அளவில்.

2) ஹசார்ட்னா என்ன? நம்ம குற்றாலத்தையே எடுத்துக்குவோம். மெயின் அருவியில் தண்ணி ஒரே மாதிரி விழாது. காலையில் சாரல், மதியம் மலையில் மழை பெய்தா வேகம், சாயங்காலம் மறுபடி குறையும். அடியில் நிற்கிறவர் 'இந்த நிமிஷத்தில்' வழுக்கி விழும் ஆபத்து அதுக்கேற்ப ஏறி இறங்கும். அந்தந்த நேரத்து ஆபத்துதான் ஹசார்ட்.

இப்போ ரெண்டு பேர் குளிக்கிறாங்க. ஒருத்தர் கம்பியைப் பிடிச்சிருக்கார், இன்னொருத்தர் பிடிக்கல. தண்ணி குறைவா இருந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து குறைவு, கூடினா ரெண்டு பேருக்கும் அதிகம். ஆனா எந்த நேரத்திலும் பிடிக்காதவருக்கு ஆபத்து, பேச்சுக்கு, 2 மடங்கு. இந்த மடங்குதான் ஹசார்ட் ரேஷியோ.

3) இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் டேவிட் காக்ஸ் 1972-இல் ஒரு வழி சொன்னார். தண்ணியின் வேகத்தை அளக்கவே வேண்டாம். ஒருத்தர் விழும்போதெல்லாம், அந்த நேரத்தில் அருவியில் நின்ற அத்தனை பேரையும் பாருங்க. விழுந்தவர் கம்பி பிடிச்சவரா, பிடிக்காதவரா? இதைத் திரும்பத் திரும்பச் செய்தா மடங்கு கிடைச்சிடும். காசநோயிலும் இதே கணக்குதான். ஒரு மரணம் நிகழும் நாளில் உயிரோடு இருக்கும் மற்றவர்களோடு அவரை ஒப்பிடணும்.

பாதியில் பஸ் ஏறி ஊருக்குப் போனவர்? கடைசியா பார்த்த நேரம் வரைக்கும் அவர் கணக்கில் இருப்பார். புளியரை தாண்டி கேரளாவுக்கு வேலைக்குப் போகும் நோயாளியும் இப்படித்தான். ஆனா உடம்பு ரொம்ப முடியாதவங்களே அதிகமா காணாமப் போனா, கணக்கு பொய் சொல்லும். ஊர் மாறும் முன்னாடி ஆஸ்பத்திரியில் சொல்லுங்க. நிக்‌ஷய் எண் இந்தியா முழுக்கச் செல்லும், அங்கேயே மருந்து வாங்கலாம்.

4) ஹசார்ட் ரேஷியோ 0.39. அதாவது 61% குறைவு. 100 பேரில் 61 பேர் பிழைப்பாங்க என்று அர்த்தம் இல்லை. புரிதலுக்கு ஒரு கணக்கு: எடை கூடாதவர்களில் 100-க்கு 5 பேர் இறந்தா, கூடியவர்களில் சுமார் 2 பேர்.

இன்னொன்றும் உண்டு. எடை கூடியதால் பிழைத்தாரா, நோய் தேறியதால் எடை கூடியதா? இந்தக் கணக்கு மட்டும் அதைப் பிரிச்சுச் சொல்லாது. ஆனா எடை கூடலைன்னா அது எச்சரிக்கை மணி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

5) காக்ஸ் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த மடங்கு கடைசி வரை மாறக்கூடாது. காட்டாற்று வெள்ளம் வந்துட்டா கம்பி பிடிச்சவர், பிடிக்காதவர் வித்தியாசம் எங்கே இருக்கு? அதேபோல, மூச்சு வாங்கி, எழுந்து நிற்கவே முடியாம வர்றவருக்கு எடை கூடும்வரை காத்திருக்க நேரமில்லை. அவருக்கு உடனே படுக்கை வேணும்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கின 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதைத்தான் செய்யுது. பிஎம்ஐ 14 அல்லது அதுக்குக் கீழே, 16-க்குள் இருந்து ரெண்டு காலிலும் வீக்கம், நிமிஷத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, ஆக்சிஜன் 94-க்குக் கீழே, பிடிக்காம நிற்க முடியாமை: இதில் ஒன்று இருந்தாலும் அட்மிஷனுக்கான ஆள் என்று பார்க்கிறோம். லேப் டெஸ்ட் ஒன்றும் தேவையில்லை. "வீட்டுக்குப் போறேன் சார்"னு அடம் பிடிக்காதீங்க.

6) என் கருத்து இதுதான். ஆரம்ப வாரங்களில் செய்யும் உதவிதான் உதவி. நிக்‌ஷய் உதவித்தொகை மாசம் 500 ரூபாயா இருந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ஆச்சு. நோய் கண்டுபிடிச்சதுமே 3,000 முன்பணம் என்பது மிகச் சரியான முடிவு. அது தாமதமானா பயன் போச்சு. சீசன் முடிஞ்ச பிறகு கம்பி போட்டு என்ன செய்ய?

7) உங்க வீட்டில் யாருக்காவது டிபி இருந்தா, மருந்து தொடங்கும் நாளில் எடையை எழுதி வைங்க. 40 கிலோன்னா 2 மாசத்தில் இலக்கு 42. ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்க. கூடலைன்னா 'மருந்துதான் சாப்பிடுறோமே'னு இருக்காதீங்க. சுகர், எச்ஐவி, குடிப்பழக்கம், மருந்து வேலை செய்யாத கிருமி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தேடணும். அதைத் தேடுவது எங்க வேலை, தயங்காம வந்து சொல்வது உங்க வேலை.

ஆஸ்பத்திரி மூலையில் நிற்கிற அந்தப் பழைய எடை மெஷின், உயிர் காக்கும் கருவி. ஏறி நில்லுங்க.