ஓட்டு போட்டு நீதிபதி... 100 மில்லியன் டாலர் கொட்டிய விஸ்கான்சின் தேர்தல்: என்ன சிக்கல்?

தீர்ப்பு சொல்ல வேண்டியவரே ஓட்டு கேட்டு வந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அதுதான் நடைமுறை. அங்குள்ள மாநில உச்ச நீதிமன்றத்துக்கு 7 நீதிபதிகள். மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் 10 ஆண்டுகள்.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். 2025 ஏப்ரல் 1-ல் டிரம்ப் ஆதரித்த பிராட் ஷிமெலும், ஜனநாயகக் கட்சி ஆதரித்த சூசன் க்ராஃபோர்டும் மோதினர். செலவு, இரு தரப்பும் சேர்த்து சுமார் 100 மில்லியன் டாலர். ஷிமெலுக்காக எலான் மஸ்க் தரப்பு மட்டும் 20 மில்லியனுக்கு மேல் இறக்கியது. எதிர்முகாமுக்கு ஜார்ஜ் சோரோஸ் போன்ற கோடீஸ்வரர்கள் பணம் கொடுத்தனர். சுமார் 10 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் க்ராஃபோர்ட் ஜெயித்தார். லிபரல்களின் 4-3 பெரும்பான்மை தப்பியது.

பணம் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் பணம்தானே! உண்மையான சிக்கல் தேர்தலுக்குப் பிறகுதான். விஸ்கான்சினில் கார்களை நேரடியாக விற்க அனுமதி கேட்டு, மஸ்க்கின் டெஸ்லா 2025 ஜனவரியிலேயே வழக்கு போட்டிருந்தது. இப்படி நன்கொடையாளரின் வழக்கே மேலே வந்தால், அந்தப் பணத்தால் பலன் பெற்ற நீதிபதி விலக வேண்டாமா? பிரசார நன்கொடைக்காக மட்டும் விலகத் தேவையில்லை என்று 2010-ல் விதி போட்டது இதே நீதிமன்றம். விலகுவதா, வேண்டாமா என்று முடிவெடுப்பதும் சம்பந்தப்பட்ட நீதிபதியேதான்.