கெடு முடிந்தது, அரசாணை எங்கே?

திருநர் சமூகத்துக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் கிடைமட்ட இடஒதுக்கீடு, அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் தனி இடம், வழங்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 12 வார அவகாசமும் தந்தது. அந்தக் கெடு அரசாணை இல்லாமலேயே கழிந்தது. உத்தரவைக் கிடப்பில் போட்ட தமிழக அரசின் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தவறு 2015-இல் தொடங்கியது. திருநரைச் சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கியவர்களாகக் கருதி இடஒதுக்கீடு தருமாறு 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழக அரசோ அவர்களை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிட்டு, கடமை முடிந்ததாக ஒதுங்கிக்கொண்டது. பாலினத்தைச் சாதியாக்கிய ஏற்பாடு இது.

இதனால் யாருக்கு என்ன கிடைத்தது? கோட்டைப்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்த திருநங்கை, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவில் விவரங்களை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீனவர் என்ற சாதிச் சான்றிதழால் அவர் ஏற்கெனவே மிகப் பிற்படுத்தப்பட்டவர். திருநங்கை என்பதற்காக அவருக்குப் புதிதாக ஓர் இடம்கூட இல்லை. பட்டியலினத் திருநங்கையும் தன் சாதிக்கான இடத்தில்தான் எல்லோருடனும் போட்டியிட வேண்டும். பள்ளியில் கேலி, வீட்டில் அடி, பாதியில் நின்ற படிப்பு: இவற்றையெல்லாம் தாண்டி வந்தவருக்கு அந்தப் பதிவுப் பக்கம் எந்தக் கணக்கும் வைப்பதில்லை.

பிறகு அவர் கடைகளில் காசு கேட்க வந்தால், “உழைத்துப் பிழைக்கக் கூடாதா?” என்று ஊர் கேட்கிறது. வாடகைக்கு வீடு தராதவர்களும் வேலைக்குச் சேர்க்காதவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்பது அநியாயம். உழைக்க வாசல் திறந்தபோது திருநர் தயங்கவில்லை. காவல் பணிக்கான விண்ணப்பமே நிராகரிக்கப்பட்ட திருநங்கை பிரித்திகா யாஷினி, நீதிமன்றப் படியேறிப் போராடித்தான் 2017-இல் உதவி ஆய்வாளர் ஆனார். ஒவ்வொருவரும் வழக்குப் போட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டுமா?

“மற்றவர் இடத்தைப் பறிக்கிறார்கள்” என்ற கூச்சலிலும் நியாயமில்லை. பெண்களுக்கு 30 சதவீதம், மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இடம் ஒதுக்கும் முறை இங்கே நடைமுறையில்தான் இருக்கிறது. சாதிவாரியான 69 சதவீத இடஒதுக்கீடு அப்படியே இருக்கும். எந்தச் சாதியின் பங்கும் குறையாது. கர்நாடகம் 2021-லேயே இதைச் செய்து, எல்லாப் பிரிவிலும் 1 சதவீதம் ஒதுக்கியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் திருநர் 22,364 பேர்தான். இவ்வளவு பேருக்கு வழிவிட ஓர் அரசுக்கு இத்தனை ஆண்டுகளா?

நாட்டிலேயே முதலாவதாக 2008-இல் திருநங்கையர் நல வாரியம் கண்ட மாநிலம் இது. நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமும் தந்திருக்கிறது. அவை பாராட்டுக்குரியவை. ஆனால் பேருந்தில் ஏறிப் போவதற்கு ஒரு வேலை வேண்டும். நலத்திட்டங்களைக் காட்டி உரிமையை மறுப்பதை ஏற்க முடியாது.

பாலினத்தைச் சாதிப் பட்டியலில் அடைக்கும் ஏற்பாட்டை அரசு கைவிட வேண்டும். எல்லாப் பிரிவுகளிலும் திருநருக்குக் குறைந்தது 1 சதவீதம் ஒதுக்கி உடனே அரசாணை வெளியிட வேண்டும். அடுத்த தேர்வு அறிவிக்கைக்கு முன்பே அது நடைமுறைக்கு வர வேண்டும். இனியும் தாமதித்தால், திருநரின் பிழைப்பைப் பறித்த பழி முழுவதும் அரசையே சேரும்.