காற்று பார்க்காமல் வேகம் எதற்கு?

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 2005-ஆம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி பார்முலா-1 கார் பந்தயம் நடந்தது. களத்துக்கு வந்தவை 20 கார்கள். பந்தயத்தில் ஓடியவை ஆறே ஆறுதான்! மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. இரண்டு நாட்களுக்கு முன் பயிற்சியின்போது, சாய்வாக அமைந்த 13-வது வளைவில் அந்த டயர் பூட்டிய ஒரு கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் விழும் பாரத்தைத் தங்கள் டயர் தாங்கும் என்று உறுதி கூற டயர் கம்பெனியே தயாராக இல்லை.

ஓடிய ஆறு கார்களில் ஒன்றை ஓட்டியவர் கோவை வீரர் நரேன் கார்த்திகேயன். நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். பார்முலா-1 பந்தயத்தில் இந்தியர் ஒருவர் புள்ளி பெற்றது அதுவே முதல் தடவை.

கோடி கோடியாய்க் கொட்டிச் செய்த கார்கள். உலகம் புகழும் ஓட்டுநர்கள். லட்சம் பேர் கூடும் மைதானம். அத்தனை இருந்தும், டயரில் சந்தேகம் என்றதும் வண்டியை நிறுத்தினார்கள். வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இருந்த அந்தப் பயம், பொழுதுபோக்காக வேகம் பார்ப்பவர்களுக்கு இருக்க வேண்டாமா?

இருங்காட்டுக்கோட்டைப் பயணம்

பெங்களூரில் சம்பாதிக்கும் இளைஞர் பலருக்கு இன்று பந்தயப் பாதை மீது ஆசை பிறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1990-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனிப் பாதை உள்ளது. கோவையிலும் ஒன்று உண்டு. சொந்தக் காரையே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது.

இது வரவேற்கத் தக்கதே. நள்ளிரவில் ஊர்ச் சாலையில் சீறிப் பாய்ந்து, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியை எமனிடம் அனுப்புவதைவிட, வேலி போட்ட பாதையில் ஓடுவது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் இவர்களில் பலர் சைலன்சருக்கும் ஸ்டிக்கருக்கும் செய்கிற செலவில் பத்தில் ஒரு பங்கைக்கூட டயரின் காற்றுக்கும் வீல் அலைன்மென்ட்டுக்கும் செய்வதில்லை. ஒரு கார் தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலந்தான். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எஞ்சினும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே இருக்கின்றன.

காற்றின் கணக்கு

காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் நெளியும், இரு ஓரங்களும் தேயும், சூடு ஏறும். காற்று அதிகமானால் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு, பிடிப்புக் குறையும். பந்தயப் பாதையில் நாலைந்து சுற்று ஓடினாலே டயர் கொதித்து, உள்ளே அழுத்தம் ஆறு, ஏழு பவுண்டு கூடிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குளிர்ந்த நிலையில் இரண்டு, மூன்று பவுண்டு குறைவாக வைத்துத் தொடங்குகிறார்கள். சில சுற்று ஓடி வந்தவுடன், டயர் ஆறுவதற்குள் நான்கையும் அளந்து, ஏறிய காற்றை இறக்கிச் சமன் செய்கிறார்கள். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பதும் உண்டு. கோடு பக்கச் சுவர் வரை அழிந்தால் காற்று போதாது. ஓரத்தை எட்டவே இல்லை என்றால் காற்று அதிகம்.

பெங்களூரில் அளந்த கணக்கு அங்கே அப்படியே செல்லாது. இங்கே விடியற்காலையில் 20 டிகிரி; அங்கே நடுப்பகலில் 35 டிகிரி. அந்த வெயிலால் மட்டுமே இரண்டு பவுண்டுக்கு மேல் ஏறும். இன்னொரு பக்கம், பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளிக்கு இறங்கும்போது கேஜில் காட்டும் அளவு ஒரு பவுண்டுக்கு மேல் குறையும். மனக்கணக்குக்கு இது அடங்காது. போன இடத்தில், டயர் நன்றாக ஆறிய பிறகு, நல்ல கேஜ் வைத்துப் பார்ப்பதே வழி.

அலைன்மென்ட்டும் அப்படித்தான். சக்கரத்தின் மேற்பகுதியை உட்புறமாகச் சற்றுச் சாய்த்தால் வளைவில் பிடிப்புக் கூடும். முன் சக்கரங்களின் முன்பக்கத்தைச் சற்று வெளியே விரித்தால் ஸ்டீயரிங் சட்டென்று திரும்பும். ஆனால் இதே அமைப்போடு நேர்ச்சாலையில் தினமும் ஓடினால் டயரின் உள் ஓரத்துப் பட்டன் சீக்கிரமே காணாமல் போகும். மேலிருந்து பார்த்தால் தெரியாது; வெடித்த பிறகுதான் தெரியும். திங்கட்கிழமை அதே காரில் ஆபீஸ் போக வேண்டியவர், கம்பெனி சொன்ன அளவிலேயே வைத்து, இடது வலது பேதமில்லாமல் சரி பார்த்தால் போதும். அதற்கும் முன்னால் பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதே.

திரும்பும் வழியில் ஆபத்து

உண்மையான ஆபத்து பந்தயப் பாதையில் இல்லை. வீடு திரும்பும் வழியில் இருக்கிறது. 30 பவுண்டில் தொடங்கியவர், சூட்டில் 37 ஆனதும் 34-க்கு இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டயர் ஆறியபின் அது 27 ஆகிவிடும். கம்பெனி விதித்த அளவு 32 என்றால் ஐந்து பவுண்டு குறைவு. களைப்போடும் உற்சாகத்தோடும் நண்பர்களை ஏற்றிக்கொண்டு, வேலூர், கிருஷ்ணகிரி வழியாக 300 கிலோமீட்டர் தூரம் அந்த டயரில் வேகமாக வந்தால், நெளிந்து நெளிந்து சூடேறிய பக்கச் சுவர் எந்த இடத்தில் கைவிடும் என்று யார் சொல்ல முடியும்? அந்த நெடுஞ்சாலையில் அவர் மட்டுமா போகிறார்? பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த பஸ்ஸும் பக்கத்தில் வருகிறதே!

ஆகவே பந்தயப் பாதைகளை நடத்துவோர் ஒன்று செய்யலாம். உள்ளே விடும்போது ஹெல்மெட் பார்ப்பதுபோல, வெளியே விடும்போது காற்றைப் பார்க்க வேண்டும். வாசலில் ஒரு கம்ப்ரசரும் ஓர் ஆளும் இருந்தால் போதும். அந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எல்லோருக்கும் பொருந்தும்

கார் இல்லாதவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, குழந்தையை முன்னால் நிறுத்தி, சிவாஜி நகரிலிருந்து ஒயிட்பீல்டு வரை ஸ்கூட்டரில் போகிறவருக்கும் சட்டம் ஒன்றுதான். பாரம் கூடினால் பின் சக்கரத்துக்குக் காற்றும் கூட வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. "கம்ப்ரசர் ரிப்பேர்" என்று பலகை தொங்கினால் தயங்காமல் புகார் எழுத வேண்டும். வாரம் ஒரு தடவை, வண்டி கிளம்புவதற்கு முன் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

ஜே.சி. சாலையிலும் கலாசிபாளையத்திலும் வெயிலில் குந்தி உட்கார்ந்து டயர் கழற்றும் தம்பிகளை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஒரு டயரைத் தடவிப் பார்த்தே "உள் ஓரம் தின்கிறது, அலைன்மென்ட் பாருங்க சார்" என்று சொல்லும் அந்தக் கைக்குத் தெரிந்தது பல பட்டதாரிகளுக்குத் தெரியாது. அப்படி அவர்கள் சொல்லும்போது, காசு பறிக்கப் பார்க்கிறான் என்று முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வது நல்லது. இண்டியானாபோலிஸில் 14 கார்கள் கேட்டுக்கொண்டதும் அப்படிப்பட்ட ஓர் எச்சரிக்கையைத்தான். அன்று அவர்கள் இழந்தது ஒரு பந்தயம். உயிர் ஒன்றும் போகவில்லை.