முன் சக்கரம் வானத்துல... வண்டி திரும்புறது எப்படி?

ஒரு கேள்வி பாஸ். நாலு சக்கர ஏ.டி.வி.யில் போறீங்க. முன்னாடி ரெண்டு சக்கரமும் அந்தரத்துல தொங்குது. இப்ப ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினா வண்டி திரும்புமா?

ம்ஹூம்! தரையைத் தொடாத சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பி என்ன பிரயோஜனம்? ஆனா, கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேட்டுப் பக்கம் சுத்துற பசங்க, வீலி அடிச்சுக்கிட்டே பாம்பு மாதிரி வளைஞ்சு போவாங்க. ரகசியம் கையில இல்லை, இடுப்புல இருக்கு!

காரில் வளைவு வந்தா, பின் சக்கரம் ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தும். ஸ்போர்ட்ஸ் ஏ.டி.வி.யில் அப்படி இல்லை. ஒரே அச்சுல ரெண்டு சக்கரமும் இறுக்கமா மாட்டியிருக்கும். ஒண்ணு ஒரு சுத்து சுத்தினா, இன்னொண்ணும் ஒரு சுத்துதான். அதோட, கார் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம்னா, இதில் 5-ஐ ஒட்டித்தான். கிட்டத்தட்ட பலூன்!

இப்ப உடம்பை இடது பக்கம் சாய்ங்க. இடது டயர் நசுங்கும். நசுங்கின டயர், சின்ன டயர் மாதிரி. ஒரே சுத்துல அது கடக்கிற தூரம் குறையும், வலது டயர் முந்தும். வண்டி இடது பக்கம் திரும்பும். நம்பிக்கை இல்லையா? டீக்கடை பேப்பர் கப்பை மேஜையில படுக்க வெச்சு உருட்டுங்க. சின்ன வாய் இருக்கிற பக்கமா வட்டமடிக்கும். அதே கதைதான்.

சரி, கத்துக்கிறவங்க எங்கே ஆரம்பிக்கணும்? திருப்புறதுல இல்லை, இறக்குறதுல! வலது கால் எப்பவும் பின் பிரேக் மேலயே இருக்கணும். லேசா ஒரு தட்டு தட்டினா, தூக்கின மூக்கு கீழே இறங்கிடும். முதல்ல ஒரு சாண் தூக்கி இறக்குங்க. இந்தப் பழக்கம் காலுக்குத் தானா வந்த பிறகுதான் அடுத்த பாடம். நேர்கோட்டுல ஆடாம போகணும். அதுக்கப்புறம்தான் சாய்க்கிறது. எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கத்துக் கால்மிதியை அழுத்தி, இடுப்பைக் கொஞ்சமா நகர்த்துங்க. கொஞ்சமா! ஓவரா சாய்ஞ்சா எதிர்ப்பக்கச் சக்கரமும் கிளம்பிடும்.

புதுசா ஓட்டுறவங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வண்டி திரும்பலைன்னா பயத்துல ஹேண்டில்பாரைப் போட்டு முறுக்குறது. மேலே இருக்கிறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. இறங்கும்போதுதான் ஆப்பு! முறுக்கின சக்கரம் தரையைத் தொட்ட நொடி, வண்டி அந்தப் பக்கம் வெட்டி இழுத்து ஆளைத் தூக்கி எறியும். இறங்கும்போது சக்கரம் நேரா இருக்கணும், அவ்வளவுதான். வளைவு பெருசா இருந்தா வீரம் வேண்டாம். இறக்கிட்டு, நாலு சக்கரத்துலயும் திருப்புங்க.

பின்னாடி கவிழ்ந்தா என்ன ஆகும்? சுமார் 180 கிலோ இரும்பு உங்க நெஞ்சு மேல! அதனாலதான் ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம். கூடவே, கையில கட்டுற கில் சுவிட்ச் கயிறு. ஆள் விழுந்தா இன்ஜின் அணைஞ்சுடும்.

இது சும்மா பூச்சாண்டி இல்லை. 1970-ல் ஹோண்டா மூணு சக்கர ஏ.டி.வி.யை அமெரிக்காவில் இறக்கியது. 1971-ல் ஜேம்ஸ் பாண்டே 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் அதை ஓட்டினார். ஆனா கவிழ்ந்து செத்தவங்க கணக்கு ஏறிக்கிட்டே போக, 1988-ல் அரசும் கம்பெனிகளும் போட்ட ஒப்பந்தத்தால் அமெரிக்காவில் புது மூணு சக்கர வண்டி விற்பனையே நின்னுபோச்சு. நாலு சக்கர வண்டியோட கையேட்டிலும் 'வீலி அடிக்காதே'ன்னுதான் எழுதியிருக்கு. அதையும் மீறிக் கத்துக்கிறவங்க, தனி மைதானத்துல, பக்கத்துல தெரிஞ்ச ஆளை வெச்சுக்கிட்டுத்தான் கத்துக்கிறாங்க.

தார் ரோட்டுப் பக்கம் போகவே கூடாது. வீலியில உங்களைத் திருப்பிவிட்ட அதே இறுக்கமான அச்சும் பலூன் டயரும், தார்ல நாலு சக்கரமும் தரையில இருக்கும்போதே திரும்பவிடாம முரண்டு பிடிக்கும்.

ஆக, இந்த வாரத்துக்கு ஹோம்வொர்க்: வண்டி வேண்டாம், பேப்பர் கப் போதும். உருட்டிப் பாருங்க!