வேற்றுருவும் வரலாற்றுக் கதையும்

நடுநாட்டில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த பழம்பதி விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது அதன் தொன்மையான தமிழ்ப்பெயர். இவ்வூர்க் கோயிலைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகின்றது. விபசித்து என்னும் முனிவர் திருப்பணி செய்வித்தபோது வேலையாட்களுக்கு வன்னிமரத்தின் இலைகளையே கூலியாக அளித்தாராம். அவ்விலைகள் அவரவர் உழைத்த அளவிற்கு ஏற்பப் பொன்னாக மாறினவாம். அதே கோயிலைக் குறித்து வரலாறு கூறும் செய்தி வேறு. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் அன்னையுமாகிய செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார் என்பது அது.

மாணவர்களே! ஓர் எழுத்தாளர் செம்பியன் மாதேவியாரின் காலத்தைக் களமாகக் கொண்டு புதினம் எழுதப் புகுகின்றார் என்று கொள்வோம். இலை பொன்னாவதை அவர் தம் கதையில் நிகழ்த்தலாமா? மனிதன் விலங்காவதும், ஒருத்தி மற்றொருத்தியின் உருவம் கொள்வதும் வரலாற்றுக் கதையில் வரலாமா? “வரவே கூடாது, வந்தால் வரலாறு பொய்யாகிவிடும்” என்பார் ஒரு சாரார். “கதைதானே, எதுவும் வரலாம்” என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் எனக்கு உடன்பாடல்ல.

விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே நாள்தோறும் மண் உருமாறுகின்றது. அச்சில் வார்த்து உலர்த்திய பொம்மையைச் சுடுவதற்கு முன் நீரில் இட்டால், அது கரைந்து மீண்டும் சேறாகும். சூளையில் வெப்பம் ஏறி ஏறத்தாழ 600 பாகையை எட்டும்போது, களிமண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகின்றது. அதன்பின் எத்தனை நாள் நீரில் ஊறினாலும் அது பழைய மண் ஆவதில்லை. கதையில் வரும் உருமாற்றமும் இத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. நினைத்தபோது மாறி, நினைத்தபோது மீண்டு, ஒன்றும் நடவாததுபோல் நடந்து செல்லும் உருமாற்றம் வெறும் வேடிக்கையே ஆகும்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். மணிமேகலைக் காப்பியத்தை நோக்குங்கள். மணிபல்லவத் தீவில் மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களை அருளுகின்றது. வேற்றுருக் கொள்ளும் மந்திரம் அவற்றுள் ஒன்று. புகார் நகரில் தன்னைத் தொடரும் அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்புவதற்காக அவள் காயசண்டிகையின் உருவத்தை மேற்கொள்கின்றாள். தப்பினாள் என்று நாம் மகிழ்வதற்குள் கதை வேறு திசையில் திரும்புகின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, தன் மனைவி காயசண்டிகையைத் தேடி வந்த காஞ்சனன், அவள் அரசகுமாரனோடு உரையாடுவதாக எண்ணி மயங்குகின்றான். இரவில் உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். மணிமேகலை தன் உருவத்தைத் திரும்பப் பெற்றாள். உதயகுமரன் உயிரைத் திரும்பப் பெறவில்லை. அவள் சிறைப்படுகின்றாள். மகனை இழந்த அரசியின் சினத்திற்கும் ஆளாகின்றாள். மந்திரம் அவளுக்குத் துணை நின்றது மெய்யே. ஆயினும் அதன் விளைவிலிருந்து அவளைக் காப்பியப் புலவர் விடுவிக்கவில்லை. (சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளின் சாபத்தால் நரியானவர்களுக்கும் 12 மாதம் என்னும் வரையறை உண்டு. கோவலனும் கண்ணகியும் இரங்கி வேண்டியிராவிடில் அதுவும் கிடைத்திராது போலும்!)

மேலைநாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வர்ஜீனியா வுல்ஃப் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1928-இல் ‘ஆர்லண்டோ’ என்னும் புதினத்தை வெளியிட்டார். அதன் தலைவன் எலிசபெத் அரசியார் காலத்தில் இளைஞன். நூற்றாண்டுகள் கடந்தும் வாழ்பவன். இடையில் ஒருநாள் உறங்கி எழும்போது பெண்ணாக மாறியிருக்கின்றான். அறிவும் நினைவும் மாறவில்லை. ஆயினும் தாயகம் திரும்பியதும் சொத்து வழக்குகள் எதிர்கொள்கின்றன. பெண்ணுக்குச் சொத்துரிமை ஏது என்று சட்டம் கேட்கின்றது. அந்த உருமாற்றம் நடவாதது. அது வெளிப்படுத்திய சட்டத்தின் கொடுமையோ நடந்தது. வரலாற்றைப் பொய்யாக்காமல் வரலாற்றையே விளக்கும் இத்தகைய கற்பனையை நான் இருகை நீட்டி வரவேற்பேன்.

ஆகவே, முதுகுன்றத்துக் கதையை எழுதுவோர் இலையைப் பொன்னாக்கட்டும். கல் செதுக்கும் தச்சன் அதனைத் தன் மகனுக்குச் சொல்லட்டும்; மகன் நம்பட்டும். அந்நம்பிக்கையும் அக்காலத்து உண்மைகளுள் ஒன்றே. ஆனால் கோயிலின் வரவு செலவுக் கணக்கில் மட்டும் வன்னியிலையை எழுதிவிடல் ஆகாது. கூலி கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை மந்திரம் மறைத்துவிடும் அன்றோ?

மனிதர் செய்த செயலுக்கு மனிதரே பொறுப்பாளர் என்பதை மறைக்கும் இடத்தில்தான் உருமாற்றம் தீங்காகின்றது. ஆதித்த கரிகாலன் கொலையை எண்ணிப் பாருங்கள். கொன்றவன் பாம்பாக உருமாறி வந்தான் என்று ஒருவர் எழுதினால் விறுவிறுப்புக்குக் குறைவிராது. எனினும் குற்றவாளி தப்பிவிடுவான். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதிய கல்கி அவ்வாறு செய்யவில்லை. அவர் ரவிதாசனை மந்திரவாதியாகவே படைத்தார். எனினும் எம்மந்திரமும் அவனை வேற்றுருவாக்கவில்லை. ‘பார்த்திபன் கனவி’ல் நரசிம்மவர்மர் சிவனடியாராக வருவதும் மந்திரத்தால் அன்று, வேடத்தால்.

அந்த ரவிதாசன் வெறும் கற்பனைப் பாத்திரமும் அல்லன். விருத்தாசலம் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுடைய நிலங்களும் உறவினர் நிலங்களும் என்ன ஆயின என்பதையும் அக்கல்லே சொல்கின்றது.