கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்!

"மாமா, டெஸ்க்டாப் இப்பவே வாங்கிடலாமா, இல்ல கொஞ்ச நாள் பொறுத்து வாங்கலாமா?"

2025 டிசம்பர் கடைசி வாரம். மயிலத்திலிருந்து என் தங்கச்சி மகள் போனில் கேட்டாள். என்னிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்பது, அஞ்சு தடவை எஸ்.எஸ்.எல்.சி. எழுதினவனிடம் டியூஷன் கேட்பது மாதிரி. அனுபவம் எக்கச்சக்கம். பாஸான அனுபவம்தான் இல்லை.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள், பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது.

"உங்க மாமனையா கேக்கற? உனக்குக் கல்யாணமாயி, பேரன் பொறந்து, அவன் காலேஜ் போறப்போ பதில் சொல்வாரு!"

நியாயமான குற்றச்சாட்டு. விளக்கவேண்டும் என்றால் 1995-க்குப் போகவேண்டும்.

எங்கள் ஊர் ஓமந்தூர். திண்டிவனத்துக்குப் பக்கம். அந்த வருஷம் எங்க நைனா போட்ட மல்லாட்டை நன்றாக விளைந்து, திண்டிவனம் கமிட்டியில் நல்ல விலைக்கும் போனது. மஞ்சப்பையில் சுற்றிய 50,000 ரூபாயைக் கூடத்தில் வைத்து, "கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு ரெண்டு பேரும் உசிரை வாங்குறீங்களே... போய் வாங்கிட்டு வாங்க" என்றார்.

ரெண்டு பேர் என்றால் நானும் தங்கச்சியும். எனக்கு ஆசை மட்டும்தான். அவள் கணக்கே போட்டு வைத்திருந்தாள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். திண்டிவனத்தில் வக்கீல் ஆபீஸ் எத்தனை, காலேஜ் பசங்களின் பிராஜெக்ட் எத்தனை, முகூர்த்த மாசத்தில் கல்யாணப் பத்திரிகை எத்தனை, பக்கத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதியிருந்தாள். ரெண்டரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று கடைசிப் பக்கத்தில் அடிக்கோடு வேறு.

நான் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனேன். 486 பிராசஸர், 4 எம்.பி. ராம், 420 எம்.பி. ஹார்ட் டிஸ்க், 14 இன்ச் கலர் மானிட்டர். கொட்டேஷன் 48,000 ரூபாய். (எம்.பி.தான் சார். ஜி.பி. இல்லை. இப்போது நாம் அனுப்பும் குட்மார்னிங் வீடியோ ஒன்றுக்கே அந்த 4 எம்.பி. பத்தாது.)

பணத்தை எடுக்கும் நேரத்தில் கடைப்பையன் சும்மா இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னான். "சார், ஆகஸ்ட்ல விண்டோஸ் 95 வருது. அதுக்கு 8 எம்.பி. இருந்தாத்தான் நல்லா ஓடும். பென்டியம் விலையும் இறங்கிக்கிட்டு இருக்கு. அவசரமில்லேன்னா..."

அவசரமில்லை என்று யார் சொன்னார்கள்? நானே சொன்னேன். இடுப்புப் பணம் இடுப்பிலேயே இருக்க, அண்ணா சாலையில் நடந்தேன். எதிரே அரசினர் தோட்டம். அதற்கு எங்கள் ஊர்க்காரரான ஓமந்தூரார் பெயர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானவர் 1949 ஏப்ரலில் பதவியை விட்டு இறங்கிவிட்டார். அந்த இரண்டே வருஷத்தில் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன்தாரி ஒழிப்பு என்று வரிசையாக முடித்தார். அதே ஊரில் பிறந்த நான், ஒரு கம்ப்யூட்டர் வாங்க எடுத்துக்கொண்ட காலம் ஐந்து வருஷம். மண்வாசனை எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிப்பதில்லை.

"ஏண்ணா, வாங்கலியா?" என்றாள் தங்கச்சி.

"விலை இறங்கப்போகுது. கொஞ்சம் பொறு."

இதில் பெரிய வினை என்னவென்றால், நான் சொன்னது பலித்துவிட்டது! 1995-ல் உலகச் சந்தையில் ஒரு எம்.பி. ராம் 30 டாலருக்கு மேல். 1996 முடிவதற்குள் 10 டாலருக்கும் கீழே சரிந்தது. விண்டோஸ் 95-க்காக ஏகப்பட்ட கிராக்கி வரும் என்று கம்பெனிகள் போட்டி போட்டு உற்பத்தி பண்ணித் தள்ள, சரக்கு குவிந்துவிட்டது. மூன்றாம் தடவை மழை வரும் என்று சொல்லி, மழையும் வந்துவிட்ட ஜோசியர் மாதிரி ஆகிவிட்டேன் நான். இன்னும் பொறுத்தால் இன்னும் இறங்கும் என்று தோன்றுமா தோன்றாதா? நீங்களே சொல்லுங்கள்.

போதாக்குறைக்கு, இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-லேயே எழுதி வைத்துவிட்டார், ஒரு சிப்பில் அடங்கும் சமாச்சாரம் வருஷா வருஷம் இரட்டிப்பாகும் என்று. 1975-ல் அதை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று திருத்தினார். என் மாதிரி ஆசாமிகளுக்கு அது வேதவாக்கு. எப்போது வாங்கினாலும் ஏமாளி என்று அர்த்தம்!

நைனாவுக்கு இது புரியவே இல்லை. அவர் பிழைப்பு இதற்கு நேர்மாறு. விலை ஏறட்டும் என்று மல்லாட்டையை மூட்டை கட்டி வைத்தவர். "ஒரு வருஷம் அப்படித்தான் வச்சேன். விலையும் ஏறிச்சு. மூட்டையைப் பிரிச்சா உள்ள பாதி வண்டு" என்றார். கம்ப்யூட்டருக்கு வண்டு வராது நைனா என்று சிரித்தேன்.

இதற்கிடையில் என்னோடு படித்த ஒருவன், பேங்க் லோன் போட்டு அதே 486-ஐ 1995-லேயே வாங்கி, திண்டிவனத்தில் ஜாப் ஒர்க் சென்டர் போட்டுவிட்டான். ஆபீஸில் டீ குடிக்கும்போதெல்லாம் அவனைக் கிண்டல் பண்ணுவோம். "ஆறு மாசத்துல பாதி விலை. பாவம், பழைய இரும்பை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்." அந்தப் பழைய இரும்பு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓடியது. 1997-ல் லோனைக் கட்டி முடித்தான். இரண்டாவது கம்ப்யூட்டரை என் கணக்குப்படியே பாதி விலைக்கு வாங்கினான்.

அவனிடம் டைப் அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மாசம் 600 ரூபாய் சம்பளம். யார் போனது என்று நினைக்கிறீர்கள்? என் தங்கச்சி. நோட்டில் அவள் போட்ட கணக்கு அச்சு அசலாகப் பலித்தது... அடுத்தவன் கல்லாவில்.

மஞ்சப்பைப் பணம் என்ன ஆச்சு என்கிறீர்களா? பேங்கில்தான் இருந்தது. 1997 கோடையில் கிணறு வற்றி, நைனா போர் போட்டார். முதல் போரில் புகை. இரண்டாவதில் தண்ணீர். பணம் பூமிக்குள் போய்விட்டது. 1998-ல் தங்கச்சிக்குக் கல்யாணமாகி மயிலம் போனாள்.

அப்புறம் நானே சம்பளத்தில் சேர்த்து, 1999 அக்டோபரில் ரிச்சி தெருவுக்குப் போனால், ராம் விலை எகிறியிருக்கிறது. செப்டம்பர் 21-ம் தேதி தைவானில் பெரிய பூகம்பம். அங்கே இரண்டாயிரத்துக்கும் மேல் உயிர்கள் போயிருந்தன. நான் இங்கே கடை வாசலில், எப்போது விலை இறங்கும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

ஒருவழியாக 2000-ல் பென்டியம் 3 வாங்கினேன். அந்த வருஷம் தீபாவளிக்குத் தங்கச்சி வந்தாள். துணி போர்த்தி வைத்திருந்த கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள். விரல்கள் பறந்தன. கீ போர்டைப் பார்க்கவே இல்லை. ஒரு நிமிஷம் இருக்கும். நிறுத்திவிட்டு, "நல்லா இருக்குண்ணா" என்று சொல்லி மறுபடி துணியைப் போர்த்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் கம்ப்யூட்டரில் நான் ஆடிய சீட்டாட்டத்துக்குக் கணக்கே கிடையாது.

சரி, 2025-க்கு வருவோம்.

மருமகள் விஸ்காம் படித்தவள். திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் தை மாச முகூர்த்தத்துக்கு ஏழு கல்யாண வீடியோ எடிட்டிங் தருவதாகச் சொல்லியிருந்தார். அவளிடம் இருந்ததோ 2014 மாடல் செகண்ட் ஹேண்ட் பெட்டி. 4கே வீடியோவைப் போட்டால் மாப்பிள்ளை தாலியை எடுத்து, கட்டாமல், அப்படியே நிற்கிறார். நாதஸ்வரம் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தாயிற்று. அந்தப் பழசு விண்டோஸ் 11-ஐ வாசற்படியிலேயே நிறுத்துகிறது.

வாங்கலாம் என்று விசாரித்தால், ராம் விலை சில மாசத்திலேயே இரண்டு மடங்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது! என் ஆயுசு பூரா கம்ப்யூட்டர் சாமான் விலை இறங்கும் என்று சத்தியம் பண்ணியவன் நான். காரணம் கேட்டால், செயற்கை அறிவு. ஏ.ஐ. சர்வர்களுக்கு மாடி மாடியாக அடுக்கிய விசேஷ மெமரி வேண்டும். அதே அளவு சாதா ராமுக்கு ஆகும் சிலிக்கான் தகட்டைப்போல் சுமார் மூன்று பங்கு அதற்குப் பிடிக்கும். உலகத்து ராமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே மூன்று கம்பெனிகள். மூன்றும் லாபம் இருக்கும் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரான், பொதுஜனத்துக்கு விற்றுவந்த க்ரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பந்தியில் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்துவிட்டால் நம் இலைக்குச் சாம்பார் வருவது கஷ்டம்தானே?

முன்னேயும் இப்படி நடந்ததுண்டு. 1993 ஜூலையில் ஜப்பானில் ஒரு ரசாயன ஆலை வெடித்தது. சிப்புக்கு உறை போடும் பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அங்கேதான் செய்தார்கள். ராம் விலை ஏறிற்று. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம். ஹார்ட் டிஸ்க் விலை ஏறிற்று. ஆனால் தீ அணைந்தது, வெள்ளம் வடிந்தது. இந்தத் தடவை விபத்து எதுவும் இல்லை. பணக்காரன் வாங்குகிறான், அவ்வளவுதான். இது எப்போது வடியும்? புது ஃபேக்டரி கட்டி சரக்கு வர இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். ஏழு மாப்பிள்ளைகளும் தாலியைப் பிடித்துக்கொண்டு அதுவரை நிற்கமுடியாது.

"இப்பவே வாங்கு" என்றேன் போனில்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அம்மா, மாமாவுக்கு உடம்பு சரியில்ல போல இருக்கு" என்றாள் மருமகள்.

அடுத்த இடைஞ்சல் அவள் பாட்டி. "மார்கழியில புதுசு எதுவும் வாங்கப்படாது. தை பொறக்கட்டும்." பொறுத்து வாங்குவதில் எனக்கும் ஒரு சீனியர் இருக்கிறார்! தை முதல் முகூர்த்தத்துக்கு எடிட்டிங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைத்தது தங்கச்சிதான். எப்படி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2026 ஜனவரி முதல் வாரம், மூன்று பேருமாக ரயிலேறினோம். தங்கச்சி ரிச்சி தெருவைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. மகளிர் குழுவில் சேர்த்த பணத்தைப் பையில் வைத்திருந்தாள். 1995-ல் கொட்டேஷன் ஒரு வாரம் செல்லும். இப்போது கடைக்காரர், "இந்த விலை சாயங்காலம் வரைக்கும்தான் சார்" என்றார்.

மருமகள் கேட்டது 32 ஜி.பி. ராம், தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. என் வாழ்நாள் அனுபவத்தை அங்கே கொஞ்சம் காட்டினேன். கார்டு வேண்டாம், வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையைப் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். போர்டும் பிராசஸரும் நல்லதாகப் போடு, அதைத்தான் அப்புறம் மாற்றுவது தொல்லை. ராம் 16 ஜி.பி. ஒற்றைக் குச்சி, பக்கத்து ஸ்லாட் காலியாக இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டு, எடிட் முடிந்த கல்யாணங்களெல்லாம் அதில் தூங்கட்டும்.

"ரெண்டு குச்சியா போட்டாத்தான் மாமா வேகம் வரும்."

"வரும். முதல் ரெண்டு கல்யாணத்துப் பணம் வரட்டும், அப்ப போடு."

"அதுவரைக்கும் அந்த ஸ்லாட்டு?"

"அது என் கணக்குல. நான் பொறுமையா விலையைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

தங்கச்சி இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. கீ போர்டு அடுக்கியிருந்த இடத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லை, திரை இல்லை. பத்து விரலும் வைத்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, பழைய இன்ஸ்டிடியூட் முதல் பாடம். நான்காவது கீ போர்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். "இது" என்றாள்.

கடைப்பையன் பில் புக்கைத் திறந்தவன், பேனாவை நிறுத்தினான். "அக்கா, ஒரு விஷயம். அடுத்த கொஞ்ச நாள்ல புது மாடல் பிராசஸர் ஒண்ணு வர்றதா பேசிக்கிறாங்க. அவசரமில்லேன்னா..."

நான் வாயைத் திறந்தேன்.

"பில்லைப் போடு தம்பி" என்றாள் தங்கச்சி.